காணாமல் போன முப்பத்திரண்டு டிகிரி

சேலத்தில் ஏ.சி. விற்கிற கடையில் மேனேஜராக உட்கார்ந்துகொண்டு, குளிர்ச்சியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்வது வெட்கமாகத்தான் இருக்கிறது. கடை முதலாளி இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம், கடையில் கூட்டமாக இருந்த நேரம், அமெரிக்காவில் படிக்கும் மகள் வீடியோ காலில் வந்தாள். "அப்பா, நேத்தைக்கும் இன்னைக்கும் முப்பத்தாறு டிகிரி கொறஞ்சுபோச்சுப்பா. காலேஜுக்குக் கிளம்பவே பயமா இருக்கு" என்றாள். அந்த ஊரில் எல்லாமே ஃபாரன்ஹீட் என்று எனக்குத் தெரியும். மனசுக்குள் மளமளவென்று கணக்குப் போட்டேன். முப்பத்தாறில் முப்பத்திரண்டைக் கழி, ஐந்தால் பெருக்கு, ஒன்பதால் வகு. இரண்டு டிகிரி சொச்சம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு டிகிரிக்கா இத்தனை அலட்டல்? ஏற்காட்டுக்காரன் பொண்ணு நீ. ஒரு சட்டையப் போட்டுட்டு வீசி நடந்து போ கண்ணு" என்று கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஏ.சி. விலை விசாரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் திரும்பி, "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எதுவும் தாங்கறதில்லைங்க" என்று வேறு சொன்னேன். மகள் போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே ஒரு குளம் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. அதன்மேல் ஒரு வாத்து நடந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த வாத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. இதே தப்பை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயசு. அதுவும் சும்மா வாயால் அல்ல. தகரத்தில், பெயிண்டில், மலை அடிவாரத்தில் போகிற வருகிற பஸ்ஸெல்லாம் படிக்கிற மாதிரி.

என் வயசுக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் இரண்டு டிகிரிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். காய்ச்சல் வந்தால் நூற்றிரண்டு. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கொதித்தால் நூறு. பேப்பரில் வெயில் சதம் அடிக்கும். அதே வெயில் ரேடியோவில் முப்பத்தெட்டு என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். எது எந்த டிகிரி என்று யாரும் கேட்டதில்லை. உடம்பு சுட்டால் அம்மா புறங்கையை வைத்துப் பார்ப்பாள். அது மூன்றாவது அளவு.

அந்த வருஷம் அப்பா ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலையை விட்டிருந்தார். அங்கேயே ஒண்டிக்கடை என்கிற இடத்துக்குப் பின்னால், ஒரு சரிவில், ஓடு போட்ட நாலு ரூம் கட்டடம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, கோடைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறேன் என்று கிளம்பினார். அந்தக் கட்டடத்தின் கோடியில் இரண்டு அறையில் நாங்கள் குடியிருந்தோம். அம்மா நாலு ரூமுக்கும் ஜன்னல் துணி தைத்தாள். அக்கா ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்பால் நம்பர் எழுதினாள். நான் காலி ரூம் ஒவ்வொன்றிலும் போய் ஒவ்வொரு கட்டிலிலும் படுத்துப் பார்த்தேன். அதுதான் என் பங்கு.

ஆள்தான் வரவில்லை. பங்குனி போயிற்று. காப்பிப் பூ பூத்து, மலை முழுக்க மல்லிகைக் கடை திறந்த மாதிரி மணத்து, அதுவும் கருகி உதிர்ந்துவிட்டது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாம் ஏரிப் பக்கமே போனார்கள். எங்கள் சந்துக்குள் ஒரு மாடு மட்டும் தவறாமல் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சேலத்தில் துணிக்கடை வைத்திருந்தார். வந்தவர் நாலு ரூமையும் திறந்து திறந்து பார்த்தார். ஒவ்வொரு கதவையும் மூடும்போது ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"மச்சான், நான் நேராச் சொல்லிடறனுங்க. சித்திரை முடியறதுக்குள்ள இந்த ரூமுங்க நெறையலைன்னா, வைகாசியில ஊட்டைக் காலி பண்ணிட்டுக் கீழ வந்துருங்க. நம்ம கடையில உக்காருங்க. புள்ளைங்க அங்கயே படிக்கட்டும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரீங்க மாப்ள" என்றார். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றிய காப்பியையே திரும்பத் திரும்ப ஆற்றினாள்.

மாமாவை அன்றைக்கு நான் வெறுத்த மாதிரி வேறு யாரையும் வெறுத்ததில்லை. சேலம் என்றால் எனக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. மாமா வீட்டு மொட்டைமாடியில் ஈரத்துணி விரித்துப் படுத்தும் தூக்கம் வராத கோடை லீவுகள். அங்கேயே ஆயுசுக்கும் என்றால்? இப்போது நினைத்தால் மாமாவுக்கு வேண்டியிருந்தது அப்பா இல்லை என்று தோன்றுகிறது. கடைக்கு ஆள் அவருக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். தன் அக்காள் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தெரியாமல், அதைத் தீர்ப்பு மாதிரிச் சொல்லிவிட்டார். ஆம்பளைகள் அப்போதெல்லாம் அப்படித்தான் பேசினார்கள். இப்போதும்தான்.

மாமா போன மறுநாள் அப்பாவுக்கு யோசனை வந்தது. அடிவாரத்தில், பஸ்ஸெல்லாம் மலையேறுவதற்கு முன் நின்று இளைப்பாறுகிற இடத்தில், ஒரு போர்டு வைப்பது. அங்கே வேர்த்து வடிந்துகொண்டு நிற்கிறவனிடம், மேலே எத்தனை டிகிரி குறைவு என்று நம்பரோடு சொல்லிவிட்டால், அவன் நேராக நம் ரூமுக்கு வந்துவிடமாட்டானா? "சும்மா குளு குளுன்னு எல்லாரும் போடறாங்க. நாம நம்பர் போடுவோம்" என்றார். எஸ்டேட்டில் இத்தனை வருஷம் நம்பர் எழுதியவர். அவருக்கு நம்பர் மேல் பக்தி.

எங்களிடம் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. உரக்கம்பெனிக்காரர்கள் எஸ்டேட்டுக்கு இனாமாகக் கொடுத்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்த பலகையில் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் சிவப்பாக ஒரு கோடு, தலைமாட்டில் ஒரு நெற்கதிர் படம். செல்சியஸ் மட்டும்தான் இருக்கும். அப்பா அதைச் சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் காது அடைத்தது. இறங்க இறங்க ஜன்னல் கம்பி சூடேறுவதை உள்ளங்கையாலேயே சொல்லிவிடலாம். அடிவாரத்தில் இறங்கியதும் அப்பா தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். முப்பத்தைந்து. அடுத்த பஸ்ஸில் மேலே வந்து பார்த்தார். முப்பத்தைந்து.

அப்பா முகம் செத்துவிட்டது. "மலையும் கீழயும் ஒரே சூடுதான் போல இருக்கு. இத்தனை நாளா நாமதான் ஏமாந்திருக்கறோம்" என்றார் அம்மாவிடம்.

அம்மா தெர்மாமீட்டரை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, இதை எங்க வெச்சு எடுத்துட்டுப் போனீங்க?"

"சட்டைப்பையில."

"அப்ப மலைக்கு இல்லைங்க, உங்க நெஞ்சுக்குப் பாத்திருக்குது. காய்ச்சல் இல்லை, போங்க."

மறுநாள் திரும்பவும் போனோம். இந்தத் தடவை அப்பா ஒரு புளியமரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, டீக்கடை பெஞ்சில் காத்திருந்தார். நிழலிலேயே முப்பத்தேழு காட்டியது. மேலே வந்து எங்கள் வராந்தாவில் தொங்கவிட்டோம். இருபத்தேழு. வித்தியாசம் பத்து.

அப்பாவுக்கு மகிழ்ச்சி ஒரு நிமிஷம்தான். "பத்துன்னு போட்டா எவன் வருவான்? கீழ இருக்கறவனுக்கு வெயில்னா நூத்தி நாலு. பேப்பர்ல அப்படித்தான படிக்கறான். அதுல பத்து போனா தொண்ணுத்தி நாலு. அதுக்கு எதுக்கு மலையேறணும், ஊட்டுலயே ஃபேனைப் போட்டுக்கலாம். நாமளும் ஃபாரன்ஹீட்ல போடணும்." பிறகு என்னைப் பார்த்தார். "கண்ணு, உனக்குத்தான் இதெல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல?"

சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வகுப்பில் எனக்குத் தலைகீழாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு. கரித்துண்டால் சமையல்கட்டுச் சுவரிலேயே போட்டுக் காட்டினேன். பத்து ஒன்பது தொண்ணூறு. ஐந்தால் வகுத்தால் பதினெட்டு. முப்பத்திரண்டைக் கூட்டினால் ஐம்பது.

"அம்பதா!" என்றார் அப்பா. என்னைத் தூக்கியே விட்டார். பதினொரு வயசுப் பையனைத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது.

அக்காவுக்கு மட்டும் சந்தேகம். அவள் என்னைவிட மூன்று வகுப்பு மேலே. "அம்பது எப்படிடா? கீழ நூத்தி நாலுன்னா மேல அம்பத்தி நாலா? நாம என்ன பனியிலயா கெடக்கறோம்?" என்றாள். நான் சுவரைக் காட்டினேன். சுவரில் கணக்குச் சரியாக இருந்தது. அக்காவால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பா சும்மா விடுகிறவர் இல்லை. சந்தைக்குப் போனபோது எங்கள் கணக்கு வாத்தியாரைப் பிடித்தார். வாத்தியார் பீன்ஸ் வாங்குவதில் மும்முரமாக இருந்தார்.

"சார், பத்து செல்சியஸ்னா ஃபாரன்ஹீட்ல எத்தனைங்க?"

"அம்பதுங்க" என்றார் வாத்தியார், ஒரு பீன்ஸை ஒடித்துப் பார்த்துக்கொண்டே. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பத்து டிகிரியில் இருக்கிற ஒரு இடத்தை யாராவது கேட்டால் ஐம்பது என்றுதான் சொல்லவேண்டும். பத்து டிகிரி குறைந்தால் எத்தனை குறையும் என்று அப்பா கேட்கவில்லை. அந்த இரண்டு கேள்வியும் வேறு வேறு என்று மலையில் அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குப் போன மாதம்கூடத் தோன்றவில்லையே.

போர்டு எழுத வந்தவர் தகரத்தை முற்றத்தில் சாய்த்துவைத்து, பீடியைக் காதில் சொருகிக்கொண்டு எழுதினார். "இங்கிருந்து 50 டிகிரி குறைவு. தங்க ரூம் உண்டு. வெந்நீர் உண்டு." பெயிண்ட் வாசனை இரண்டு நாளைக்கு ரசத்தில்கூட அடித்தது. எழுதி முடித்த பிறகும் அவரிடம் கொஞ்சம் நீலமும் வெள்ளையும் மீந்துவிட்டது. வீணாக்க மனசில்லாமல் மூலையில் ஒரு பனிமலை வரைந்தார். பனிமலைக்கு முன்னால் ஒரு பென்குவின் நின்றது.

"ஏனுங்க, இது எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"அம்பது டிகிரி கொறஞ்சா இதெல்லாம் வருமுங்க" என்றார் அவர்.

போர்டு வைத்த பிறகு முதலில் வந்தது மாமாதான். பஸ் கூரையில் ஏற்றிவந்த இரண்டு பெரிய மூட்டையோடு இறங்கினார். அடிவாரம் வரை ஒரு வசூல் வேலையாக வந்தவர், போர்டைப் பார்த்திருக்கிறார். திரும்பிக் கடைக்கு ஓடி, மார்கழியில் விற்காமல் பரணில் கிடந்த ஸ்வெட்டர் அத்தனையையும் கட்டி எடுத்து வந்துவிட்டார். அப்பாவின் ஒரு வார்த்தையையும் நம்பாத மாமா, தகரத்தில் எழுதியிருந்ததை நம்பிவிட்டார்.

"மச்சான், நீங்க ரூமைப் பாருங்க. வரவங்களுக்கு ஸ்வெட்டரு நான் பாத்துக்கறன். அம்பது டிகிரி கொறையற எடத்துல ஸ்வெட்டரு இல்லாம எப்படிங்க?"

"மாப்ள, உங்களுக்குக் குளிருதுங்களா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். நெற்றி வேர்வையைத் துடைத்தார். "மூட்டை தூக்குனதுல தெரியல. ராத்திரிக்குத் தெரியும்" என்றார். வராந்தாவில் கயிறு கட்டி, ஸ்வெட்டர்களை வரிசையாகத் தொங்கவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்துருண்டை வாசனை சந்து முழுக்க. மாடுகூட அன்றைக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, நல்ல உச்சி வெயிலில், எங்கள் சந்தில் ஒரு குடும்பம் வந்தது. முன்னால் வந்தவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். ஆள் பெரிய உடம்பு. அந்த உடம்பின்மேல் முழுக்கை ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா. குல்லாவுக்குள் முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தது. பின்னால் அவர் மனைவி, தோளில் ஒரு கைக்குழந்தை. குழந்தையையும் கம்பளியில் பொட்டலம் மாதிரிக் கட்டியிருந்தார்கள். அது கத்திய கத்தலில் சில்வர் ஓக் மரத்திலிருந்த குருவியெல்லாம் கிளம்பிவிட்டன.

எங்கள் முதல் வாடகைக்காரர்கள். அம்மா ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக் கம்பளியை அவிழ்த்தாள். கழுத்து, முதுகு, தொடை எல்லாம் சிவந்து வேர்க்குரு பொரிந்திருந்தது. "அடச் சாமி, இந்தப் பிஞ்சுக்கா இத்தனை துணி" என்று வராந்தாவின் நிழல் பக்கத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்துப் படுக்கப்போட்டாள். மண்டிக்காரர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் விசிறினார்.

மண்டிக்காரர் குல்லாவைக் கழற்றினார். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஸ்வெட்டர் கயிற்றையும் அதன் எதிரில் பனியனோடு உட்கார்ந்திருந்த மாமாவையும் பார்த்தார்.

"ஏனுங்க, அம்பது டிகிரி எங்கீங்க?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். "இருக்குதுங்க. உக்காருங்க, காத்து வரும்."

"காத்து வருதுங்க. நான் கேக்கறது அம்பது. காலையில ஊட்டுல நூறு டிகிரி வெயிலு. அதுல அம்பது போனா மிச்சம் அம்பதுதான? அது எனக்கு வேணும். இல்லைன்னா இப்பவே கீழ போயி அந்தத் தகரத்தப் புடுங்கி எறிஞ்சுட்டு, பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒவ்வொருத்தருகிட்டயும் சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போவனுங்க."

மாமா மெல்ல எழுந்து கயிற்றிலிருந்து ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்வெட்டர் மூட்டை கட்டியதும் அடுத்த மூட்டை எங்கள் பாத்திரம்தான். சேலம். வேர்க்குரு. அதோ வேட்டியில் கிடக்கிற குழந்தையின் முதுகு மாதிரி என் முதுகு.

அப்பா பாவம், என் தோளில் கைவைத்து முன்னால் தள்ளினார். காட்டிக் கொடுப்பதற்காக இல்லை. பெருமையோடுதான். "இவன் போட்ட கணக்குங்க. வாத்தியாரே சரின்னுட்டாருங்க. கண்ணு, சாருக்குப் போட்டுக் காட்டு."

மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ போட்டதப் போடாத சாமி. நான் சொல்றதப் போடு. அடிவாரத்துல இந்தத் தெர்மாமீட்டரு எத்தனை காட்டுச்சு?"

"முப்பத்தேழுங்க."

"அத மாத்து."

அக்கா கரித்துண்டை எடுத்துக் கொடுத்தாள். வராந்தாச் சுவரில் போட்டேன். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.

"இங்க?"

இருபத்தேழு. எண்பது புள்ளி ஆறு.

"இப்பக் கழி."

கழித்தேன். பதினெட்டு. மறுபடி கழித்தேன். மறுபடியும் பதினெட்டுதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. உள்ளே இன்னமும் அழியாமல் ஐம்பது இருந்தது. எனக்குக் காதுக்குள் பஸ் மலையேறுகிற மாதிரி அடைத்துக்கொண்டது.

"அம்பதுல பதினெட்டு போனா முப்பத்திரண்டு" என்றார் மண்டிக்காரர். குரல் இப்போது மெதுவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அந்த முப்பத்திரண்டு டிகிரி எங்க போச்சு?"

நம்பமாட்டீர்கள், நாங்கள் எல்லோரும் தேடினோம். அப்பா தெர்மாமீட்டரைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மாமா ஒரு ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தார். நான் சுவரில் பெருக்கல் கோடுகளையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கையெல்லாம் கரி.

திடீரென்று மண்டிக்காரர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "அட! சாக்கையும் சேத்து நிறுத்துட்டான்யா!"

யாருக்கும் புரியவில்லை. அவருக்கோ கோபமெல்லாம் போய், முகம் மலர்ந்துவிட்டது. வியாபாரத்தில் ஒரு தில்லுமுல்லு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்துவிட்ட மலர்ச்சி. "இங்க பாருங்க. மண்டியில ரெண்டு மூட்டை மஞ்ச இருக்குது. ரெண்டும் சாக்கோடதான் தராசுல ஏறுது. எதுல எவ்வளவு சாஸ்தின்னு ஒண்ணுல ஒண்ணக் கழிச்சா, சாக்கும் சாக்கும் அடிபட்டுப் போயிரும். மஞ்ச மட்டும்தான் நிக்கும். உங்க பையன் அந்த வித்தியாசத்துக்கு மறுபடி ஒரு சாக்கைப் போட்டுக் கட்டிட்டான். அந்த முப்பத்திரண்டுதான் சாக்குங்க! சரக்கு பதினெட்டுதான்!"

அக்கா, "ஓ!" என்றாள். நான், "ஓ" என்று சும்மா சொன்னேன்.

"அதெல்லாம் சரிங்க. ஏமாத்துனது ஏமாத்துனதுதான்" என்று மண்டிக்காரர் மறுபடி குரலை ஏற்றினார். கண்டுபிடித்த சந்தோஷம் முடிந்து, கோபம் தன் இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. "கெளம்பு புள்ள, நாலு மணி பஸ்ஸப் புடிக்கலாம்."

அவர் மனைவி எழுந்திருக்கவில்லை. விசிறுவதை மட்டும் நிறுத்தியிருந்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"என்ன மெதுவா? இவுங்க எழுதி வெச்சது என்னன்னு…"

"அம்பதோ பதினெட்டோ, புள்ள தூங்குது. ஒரு வாரமா நானும் தூங்கல, அதுவும் தூங்கல. நீங்க வேணும்னா போயித் தகரத்தப் புடுங்குங்க. நாங்க வரலை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். குழந்தை இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துப் போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் இலைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு காற்று வந்தது. குழந்தையின் வயிறு ஏறி இறங்கியது. அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த மாடு சந்துக்குள் வந்து எட்டிப் பார்த்தது. மாமா அதை "உஷ்" என்று அதட்டினார், சத்தம் வராமல்.

மண்டிக்காரர் ஸ்வெட்டரைக் கழற்றி மாமாவின் கயிற்றில் தொங்கவிட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, ரகசியம் பேசுகிற குரலில், "அம்மிணி, காப்பி கெடைக்குங்களா?" என்றார்.

ஒருநாளைக்கு வந்தவர்கள் குழந்தையின் வேர்க்குரு அடங்கும்வரை இருந்தார்கள். கிளம்பும்போது மண்டிக்காரர் அப்பாவிடம், "பதினெட்டுன்னே போடுங்க. பதினெட்டே நொம்பப் பெருசுதானுங்க" என்றார். போர்டு எழுதுகிறவர் அடிவாரத்துக்கே போய் 50-இன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்து, மேலே 18 என்று எழுதினார். அழித்து எழுத அவருக்குச் சோம்பல். பனிமலையும் பென்குவினும் அப்படியே நின்றன.

தன் தப்பைத் தானே அடித்துத் திருத்திய போர்டை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் வழிகேட்டு எங்கள் சந்துக்குள் வந்தார்கள். வருகிறவர்களெல்லாம் உள்ளே நுழையும்போதே, "அந்த முப்பத்திரண்டு டிகிரி கெடைச்சுதுங்களா?" என்று கேட்பார்கள். அப்பா முதலில் வெட்கப்பட்டார். பிறகு, "தேடிட்டிருக்கறோமுங்க, ரூம்ல எங்கயாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். சித்திரை முடிவதற்குள் நாலு ரூமும் நிறைந்து, ஒரு குடும்பத்துக்கு எங்கள் அறையில் ஒன்றை ஒழித்துக் கொடுத்தோம்.

மாமாவும் போகவில்லை. ஸ்வெட்டருக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு வராந்தாவிலேயே இருந்தார். ஒருநாள் சாயங்காலம் கோடைமழை அடித்துப் பெய்தது. அன்றைக்குத்தான் இரண்டு ஸ்வெட்டர் விற்றது. மூன்றாவதை மாமாவே போட்டுக்கொண்டு, அம்மா பக்கத்தில் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து, பலாக்கொட்டை சுட்டுத் தின்றார். இரண்டு பேரும் சின்ன வயசில் கிணற்றில் குதித்த கதை ஏதோ பேசிப் பேசிச் சிரித்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது வைகாசியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. மிச்சமிருந்த ஸ்வெட்டர் மூட்டையையும் விட்டுவிட்டுப் போனார். அது இங்கே இருந்தால் அடுத்த வருஷம் வந்து பார்க்க ஒரு சாக்கு ஆயிற்று என்று இப்போது புரிகிறது.

தெர்மாமீட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு குரங்கு அதைக் கழற்றிக்கொண்டு மரத்தில் ஏறியது. கீழே நின்று அப்பா பொரி காட்டினார், பழம் காட்டினார், கெஞ்சினார். அது உச்சிக்குப் போய்ப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது. தகரப் போர்டு பிற்பாடு விறகுக் கொட்டகைக்குக் கூரையாயிற்று. மழை நாளில் விறகு எடுக்கப் போனால் தலைக்கு மேலே பென்குவின் தலைகீழாக நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சேலத்துக்குப் போகமாட்டேன் என்று அத்தனை பயந்த நான்தான் பிழைப்புக்காகச் சேலத்துக்கு வந்து, வேர்க்குருவோடு, மற்றவர்களுக்குக் குளிர்ச்சி விற்றுக்கொண்டிருக்கிறேன். சந்தேகம் கேட்ட அக்கா மலையிலேயே இருக்கிறாள். அந்த நாலு ரூம் இப்போது ஒன்பது ரூம். சாவிக்கொத்து அவள் இடுப்பில்.

வாத்து நடந்த அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கவே நேரம் ஆயிற்று. கொஞ்சம் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று, "என்ன இருந்தாலும் அக்கா, அன்னைக்கு என்ற தப்புக் கணக்குதான நம்மள மலையில நிறுத்துச்சு?" என்றேன்.

"நெனப்புதான். உன்ற அம்பதாலயும் இல்ல, பதினெட்டாலயும் இல்லடா. அந்தக் கொழந்த தூங்குச்சு, நாம தப்பிச்சோம். போனை வையி, ரூமுக்கு ஆள் வந்து நிக்கறாங்க."